நம் மூட்போர்டுகள் ஏன் ஒன்றுபோலவே இருக்கின்றன?

நுண்கோடு

14 வருடமாக அட்டைப்படம் செய்கிறேன். புத்தகம், இசைத்தொகுப்பு, நாடக போஸ்டர். போன மாதம் நடந்த ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. இங்கே இறக்கி வைக்கிறேன்.

ஓர் இசைத்தொகுப்பின் அட்டைக்காக 3 டிசைனர்களிடம் மூட்போர்டு கேட்டிருந்தார்கள், அதாவது வேலை எந்தச் சாயலில் இருக்கும் என்று காட்ட முன்கூட்டியே சேர்க்கிற படத் தொகுப்பு. யாருக்கு வேலை என்று முடிவு செய்கிற கூட்டத்தில் மூன்றையும் ஒரே மேசையில் விரித்து வைத்தார்கள். என் போர்டில் 12 படங்கள். அதில் 7 மற்றவர்களின் போர்டுகளிலும் இருந்தன. அதே புழுதி படிந்தது போன்ற ஊதா, ஆரஞ்சுக் கலவை. அதே உருண்டை எழுத்து. கண்ணை மட்டும் மறைத்த அதே முகம். நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்ததில்லை. யாரும் யாரிடமும் திருடவில்லை. ஒரே சொல்லைப் போட்டு ஒரே இடத்தில் தேடியிருக்கிறோம், அவ்வளவுதான்.

அன்று இரவு என் போர்டைத் திறந்து, ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அது எங்கிருந்து வந்தது என்று எழுதிப் பார்த்தேன். போஸ்டர். போஸ்டர். அட்டைப்படம். லோகோ. மறுபடியும் போஸ்டர். 12ம் ஏற்கெனவே ஒரு டிசைனர் செய்து முடித்தவை. அரைத்த மாவை அரைக்கிறோம் என்று சொல்வார்களே, அது எப்படி நடக்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

சரி, எனக்கு உயிரான பழைய அட்டைகள் எங்கிருந்து வந்தன என்று அதே கேள்வியை அங்கேயும் கேட்டேன். முதலில் எடுத்தது ஜாய் டிவிஷன் இசைக்குழுவுக்காக 1979ல் டிசைனர் பீட்டர் சாவில் செய்த அட்டை. டி-சர்ட்டில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கறுப்புக்கு நடுவில் மலைத்தொடர் போல அடுக்கடுக்காக வெள்ளைக் கோடுகள். உண்மையில் அது ஒரு பல்சாரின், அதாவது சுழன்றபடி சீராகத் துடிக்கும் ஒரு விண்மீனின், ரேடியோ துடிப்பு. 1967ல் ஜோசலின் பெல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது கண்டுபிடித்த முதல் பல்சார், 1.337 விநாடிக்கு ஒருமுறை துடிப்பது. ஹரால்டு கிராஃப்ட் என்ற ஆய்வாளர் 80 துடிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, 1970ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வேட்டில் வைத்திருந்தார். பிறகு அது ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் அச்சானது. அங்கிருந்து அட்டைக்கு வந்தது.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்னால் இருக்கிற கோட்டின் மேடு, பின்னால் இருக்கிற கோட்டை மறைக்கும். 80 கோடுகளில் ஒன்றுகூட இன்னொன்றை வெட்டாது. அதனால்தான் நம் கண்ணுக்கு மலை தெரிகிறது. அந்த மறைப்பு சாவில் சேர்த்தது இல்லை. கோடுகள் குழம்பாமல் இருக்க கிராஃப்டே கம்ப்யூட்டரில் எழுதிய ஏற்பாடு. சாவில் வெள்ளைத் தாளில் கறுப்பாக இருந்ததைக் கறுப்பில் வெள்ளையாகப் புரட்டினார், சுற்றிலும் நிறைய இருட்டு விட்டார், முன்னட்டையில் குழுவின் பெயரைக்கூடப் போடவில்லை. அவ்வளவு சிறிய வேலை. ஆனால் அதைச் செய்ய, அறிவியல் படத்தைப் பாட்டுக்கான படமாகப் பார்க்கும் கண் வேண்டும்.

அடுத்தது டிசைனர் சிப் கிட் 1990ல் ‘ஜுராசிக் பார்க்’ என்ற டைனோசர் நாவலுக்குச் செய்த அட்டை. இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனார், அங்கே விற்ற ஒரு புத்தகத்தில் டி-ரெக்ஸ் எலும்புக்கூட்டின் வரைபடம் கிடைத்தது. டிரேசிங் பேப்பரை மேலே வைத்து வரைந்தார். 1993ல் அந்த எலும்புக்கூடுதான் திரைப்படத்தின் லோகோவாகி உலகம் முழுக்கப் போனது.

இரண்டும் டிசைனுக்கு வெளியே இருந்து வந்தவை. பாப் கலாச்சாரத்தில் நிலைத்து நின்ற படங்களில் பெரும்பாலானவை இப்படி வெளியிலிருந்து வந்தவைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நாம்தான் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் எல்லாம் எங்கே போய்த் தேடுகிறீர்கள்?

---

சதுரம்32

அக்கா, நான் செயலிகளுக்கு ஐகான் வரைகிறவன். எங்கள் பக்கத்திலிருந்து ஓர் உதாரணம் தருகிறேன்.

ஆப்பிள் கீபோர்டில் கமாண்டு விசையில் நான்கு மூலையிலும் வளையம் போட்ட ஒரு குறி இருக்குமே, 1984ல் மேக்கின்டாஷ் வந்தபோது சூசன் கேர் கொண்டுவந்தது. மெனுவில் ஒவ்வொரு கட்டளைக்குப் பக்கத்திலும் ஆப்பிள் லோகோ வந்துகொண்டே இருந்தது ஸ்டீவ் ஜாப்ஸுக்குப் பிடிக்கவில்லை. வேறு குறி வேண்டும். கேர் ஒரு குறியீட்டு அகராதியைப் புரட்டி, ஸ்வீடனில் பார்க்க வேண்டிய இடங்களைக் காட்டுவதற்காகச் சாலையோரம் வைக்கிற பலகைக் குறியை எடுத்தார். பயணிகளுக்கு வழிகாட்டிய குறி விரல் நுனிக்கு வந்துவிட்டது.

இன்னொன்று. அவர் சிற்பம், நுண்கலை பக்கத்திலிருந்து வந்தவர். முதல் ஐகான்களைக் கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால்தான் வரைந்தார். 32க்கு 32. மொத்தம் 1024 சதுரம், ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை. இந்த வேலையை மொசைக்கோடும் துணியில் போடும் நூல் வேலைப்பாட்டோடும் அவர் ஒப்பிட்டிருக்கிறார். அதைப் படித்த பிறகு நானும் ஒரு பழைய தையல் வடிவப் புத்தகம் வாங்கினேன். குறுக்குத் தையலில் வளைவு கிடையாது, எல்லாம் படிக்கட்டுதான். ஒரு பறவையின் கழுத்தை எத்தனை படியில் வளைத்தால் கழுத்தாகத் தெரியும் என்பதை அந்தப் பெயர் தெரியாத தையற்காரர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். 5 படி. 4 என்றால் முழங்கை போல இருக்கும். 6 என்றால் பாம்பு. என் எந்தப் பாடப்புத்தகத்திலும் இது இல்லை.

---

எதிர்க்கரை

நல்ல இழை. ஆனால் நான் முழுவதும் ஒத்துப்போகவில்லை.

மூட்போர்டு தண்ணீர் எடுக்கிற கிணறு இல்லை. அது கிளையன்ட்டோடு பேசுவதற்கான மொழி. "கொஞ்சம் கனமாக, ஆனால் சோகமாக இல்லாமல்" என்று அவர் சொன்னால், அவர் மனதில் இருக்கிற கனம் எது என்று எனக்குத் தெரிய வேண்டும். அதற்கு அவரும் நானும் ஏற்கெனவே பார்த்த படங்கள்தான் உதவும். மூன்று போர்டுகளிலும் 7 படங்கள் ஒன்றாக இருந்ததென்றால், மூன்று பேரும் கிளையன்ட்டைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது விஷயம், வகைமை. நான் துப்பறியும் நாவல்களுக்கு அட்டை போடுகிறேன். கடையில் 3 விநாடியில் வாசகருக்கு "இது உனக்கான புத்தகம்" என்று தெரிய வேண்டும். அதற்காக முந்தைய அட்டைகளின் சாயல் வேண்டும். அது சோம்பேறித்தனம் இல்லை, வாசகருக்குச் செய்கிற மரியாதை.

மூன்றாவது, நீங்கள் சொன்ன அதே பீட்டர் சாவில். 1981ல் நியூ ஆர்டர் குழுவின் முதல் தொகுப்புக்கு அவர் செய்த அட்டை எங்கிருந்து வந்தது? இத்தாலியின் ஃபியூச்சரிசக் கலைஞர் ஃபார்ச்சுனாட்டோ டெப்பேரோ 1932ல் செய்த ஒரு போஸ்டரிலிருந்து. அமைப்பு அப்படியே இருக்கிறது. போஸ்டரிலிருந்து போஸ்டர். 2 வருடத்துக்கு முன் வானத்திலிருந்து எடுத்தவர், இப்போது நம் வீட்டுக்குள்ளிருந்தே எடுக்கிறார். அதுவும் நல்ல அட்டைதான். அப்படியானால் உங்கள் கோட்பாடு என்ன ஆகிறது?

---

நுண்கோடு

எதிர்க்கரை, டெப்பேரோ விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். நேர்மையாகச் சொன்னால் அந்த அட்டையை நான் மறந்தே போயிருந்தேன். உள்ளே, வெளியே என்று நான் பிரித்தது தவறு.

2 நாள் யோசித்தேன். நான் சொல்ல வந்தது தூரம் என்று இப்போது நினைக்கிறேன். 1981ல் ஒரு இசைத்தட்டு வாங்க வந்த பையனின் மேசையில் 1932ன் இத்தாலிய போஸ்டர் இருந்திருக்காது. 50 வருடமும் ஒரு மொழியும் ஒரு நாடும் நடுவில் இருந்தன. என் போர்டில் இருந்த படங்களோ போன வருடம் வந்தவை, எல்லோருடைய திரையிலும் ஓடிக்கொண்டிருப்பவை. தூரமே இல்லை.

தூரத்தில் இருக்கிற இரண்டு பொருள்களை ஒன்றாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு டிசைனர் மில்டன் கிளேசர் பாடகர் பாப் டிலனுக்குச் செய்த போஸ்டர் போதும். 1967ல் ஓர் இசைத்தட்டோடு மடித்து வைத்துக் கொடுத்தார்கள். பக்கவாட்டு முகம் முழுக் கறுப்பு. தலைமுடி மட்டும் வண்ண வண்ணமாகச் சுருண்டு ஓடும். கறுப்பு முகம், ஓவியர் மார்சல் டூஷாம்ப் தன் முகத்தின் நிழலைத் தாளில் கிழித்துச் செய்த படத்திலிருந்து. முடியின் வண்ணங்கள், இஸ்லாமிய ஓவியங்களிலிருந்து. கிளேசர் இரண்டையும் மறைக்காமல் சொன்னார். டூஷாம்ப் மட்டும் என்றால் அது ஒரு நிழல்படம். ஓவியம் மட்டும் என்றால் அலங்காரம். சேர்ந்ததும் ஒரு மனிதனின் தலைக்குள் பாட்டு ஓடுவது தெரிகிறது.

வகைமை பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சாயல் எழுத்திலும் அமைப்பிலும் இருக்கட்டும், படம் வேறு இடத்திலிருந்து வரட்டும். சிப் கிட்டின் எலும்புக்கூட்டைப் பார்த்து அது சாகசக் கதை இல்லை என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

---

மைக்கறை

நான் டிசைனர் இல்லை. அச்சகத்தில் ப்ரீ-பிரஸ் வேலை, 30 வருடத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் ஃபைல்களைச் சரிபார்த்து அச்சுத் தட்டுக்கு அனுப்பும் ஆள் நான்.

என் மேசையிலிருந்து ஒன்று சொல்கிறேன். வீட்டில் இருக்கிற ஒரு மாத்திரை அட்டைப்பெட்டியை எடுங்கள். பசை ஒட்டிய ஓரத்தை மெதுவாகப் பிரியுங்கள். உள்ளே மடிந்திருக்கும் பட்டையில் வரிசையாகச் சின்ன வண்ணக் கட்டங்கள் இருக்கும். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு, சில சமயம் அந்த மருந்துக்கென்றே கலந்த ஒரு தனி மை. பக்கத்தில் வட்டத்துக்குள் சிலுவை போல ஒரு குறி இருந்தாலும் இருக்கும். அது ரிஜிஸ்ட்ரேஷன் மார்க். நான்கு மையும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுந்திருந்தால் சிலுவை ஒரே கறுப்பாக இருக்கும். தாள் மயிரிழை நகர்ந்திருந்தால் சிலுவையின் ஓரத்தில் மெல்லிய சிவப்போ நீலமோ எட்டிப் பார்க்கும். யாருக்கும் காட்டுவதற்காக அச்சிட்டது இல்லை. ஆனால் என் கண்ணுக்கு அந்தப் பெட்டியிலேயே அழகான இடம் அதுதான். இளம் டிசைனர்கள் யாராவது அச்சகத்துக்கு வந்தால் முதலில் இதைத்தான் காட்டுவேன்.

நுண்கோடு சொன்ன தூரத்துக்கு இன்னொரு கதை. ஆண்டி வார்ஹால் 1962ல் கேம்ப்பெல் சூப் டப்பாக்களை 32 ஓவியமாக வரைந்தார். பாப் கலை என்றாலே அந்தச் சிவப்பும் வெள்ளையும்தான் நினைவுக்கு வரும். அந்த லேபிளுக்குச் சிவப்பு வெள்ளை எப்படி வந்தது தெரியுமா? 1898ல் அந்த நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் பார்க்கப் போனார். ஓர் அணியின் சட்டை சிவப்பும் வெள்ளையுமாக இருந்தது, கண்ணைப் பறித்தது. லேபிளுக்கு வந்துவிட்டது. மைதானத்திலிருந்து கடை அலமாரிக்கு, அங்கிருந்து ஓவியக்கூடத்துக்கு. அந்த அணி கார்னெல் பல்கலைக்கழகத்து அணி. மேலே சொன்ன பல்சார் ஆய்வேடும் கார்னெல்தான். இதைக் கவனித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கிற வசதிக் குறைவும் ஒரு வெளிதான். செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் இசைக்குழுவுக்கு ஜேமி ரீட் செய்த, ஆளைக் கடத்தியவன் பணம் கேட்டு அனுப்பும் கடிதம் போல வெட்டி ஒட்டிய எழுத்துகளை எல்லோரும் கோபத்தின் அடையாளமாகப் பார்க்கிறார்கள். அதற்கு முன் அவர் ஒரு சின்ன அச்சகம் நடத்தியவர். காசு செலவழித்து எழுத்துக் கோக்க வழியில்லாத இடத்தில் பழைய செய்தித்தாளை வெட்டி ஒட்டுவது நடைமுறை வேலை. அந்த வேலை பிறகு ஒரு தலைமுறையின் கையெழுத்தாகவே ஆகிவிட்டது.

---

குறில்நெடில்

எல்லோரும் எடுப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள். யாரிடமிருந்து எடுத்தோம் என்பதையும் பேச வேண்டும்.

ஹரால்டு கிராஃப்ட்டை யாரும் கேட்கவில்லை. தன் வரைபடம் ஓர் இசைத்தட்டின் அட்டையாகிவிட்டது என்பது அவருக்கு வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. கடைக்குப் போய்ப் பார்த்தார், இருந்தது. தன் படத்தைத் தானே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தார். அவர் கசப்போடு அதைச் சொன்னதில்லை. ஆனால் இத்தனை கோடி டி-சர்ட்டில் அவர் பெயர் எங்கே?

பாப் ஓவியர் ராய் லிக்டென்ஸ்டைன் 1963ல் வரைந்த போர் விமான ஓவியம் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. அது 1962ல் வந்த ஒரு காமிக்ஸின் கட்டத்திலிருந்து எடுத்தது. அந்தக் கட்டத்தை வரைந்தவர் இர்வ் நோவிக். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி வரைந்தவர். ஓவியத்தின் முன்னால் நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? 2008ல் ஷெப்பர்டு ஃபேரி செய்த ஒபாமா போஸ்டர் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்துக்காக மேனி கார்சியா எடுத்த புகைப்படத்திலிருந்து வந்தது. வழக்காகி, 2011ல் சமரசத்தில் முடிந்தது.

தூரத்திலிருந்து எடுத்தால் அழகு வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தூரத்தில் இருக்கிறவருக்குக் குரல் கேட்காது என்பதால் நமக்கு எடுப்பது சுலபமாகவும் இருக்கிறது. பக்கத்து டிசைனரின் போஸ்டரைத் தொட்டால் மறுநாளே பிடித்துவிடுவார்கள். பெயர் தெரியாத தையற்காரரை யார் கேட்கப் போகிறார்கள்? சதுரம்32, உங்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் பறவையின் கழுத்து எனக்கும் பிடித்திருந்தது.

---

சதுரம்32

இல்லை, சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் புத்தகத்தில் வடிவங்களைத் தொகுத்தவர் பெயர் இருக்கிறது, தைத்தவர்கள் பெயர் இல்லை. நான் கற்றுக்கொண்டது படிக்கட்டை எண்ணும் முறையை. பறவையை எடுக்கவில்லை. முறையைக் கற்பதும் உருவத்தை எடுப்பதும் வேறு வேறு என்று நினைக்கிறேன். இருந்தாலும் அடுத்த முறை என் வேலைக்குறிப்பில் அந்தப் புத்தகத்தின் பெயரை எழுதுவேன்.

---

வெண்வெளி

இந்த இழையை 3 முறை படித்தேன். வேலைக்கு வந்து 2 வருடம்தான் ஆகிறது. உங்கள் எல்லோரிடமும் ஒரு உதவி கேட்க வேண்டும்.

நான் முதலில் வேலை பார்த்த ஸ்டுடியோவில் ஒரு நாளைக்கு 4 போர்டு முடிக்க வேண்டும். ஒருமுறை ஒரு வேலைக்காக நூலகத்தில் அரை நாள் செலவழித்தேன். அந்த அரை நாளைச் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். இப்போது அங்கே தேடக்கூட விடுவதில்லை. செயலியில் 4 வரி எழுதினால் 40 படம் வந்துவிடுகிறது. அந்த 40ம் எனக்கு ஏற்கெனவே பழகிய முகம் போலத்தான் இருக்கும். யாரையோ நினைவுபடுத்தும், ஆனால் யார் என்று சொல்ல முடியாது. அங்கிருந்து விலகி இப்போது தனியாகச் செய்கிறேன்.

இப்போது கையில் இருப்பது தூக்கத்தைப் பற்றிய ஒரு பாட்காஸ்ட்டின் அட்டை. தேடிப் பார்த்தேன். நிலா, நட்சத்திரம், கருநீலம், மூடிய கண் இமை. 100 அட்டையில் 90 இப்படித்தான். எனக்கு நிலா வேண்டாம். ஆனால் எங்கிருந்து தொடங்குவது? தூரம் என்கிறீர்கள். எந்தப் பக்கம் நடப்பது என்று எப்படித் தெரியும்?

---

நுண்கோடு

வெண்வெளி, அந்த ஸ்டுடியோவை விட்டு வந்தது நல்லது. அரை நாள் நூலகம் வேலை நேரம்தான். அதற்குச் சம்பளம் பிடித்தது அநியாயம். இனி நீங்களே கணக்குப் போடும்போது தேடும் நேரத்தைக் கூலியில் சேர்த்துவிடுங்கள், தயங்காதீர்கள்.

எந்தப் பக்கம் நடப்பது என்று கேட்டீர்கள். நான் செய்வது இது. அந்தப் பொருளை வைத்துத் தினமும் பிழைக்கிறவர்கள் யார் யார் என்று முதலில் எழுதுவேன். தூக்கம் என்றால் தூக்க மருத்துவர், இரவுக் காவலாளி, மெத்தை தைக்கிறவர், கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மா. இவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வேலைக்காக எதையாவது வரைகிறார்கள், குறிக்கிறார்கள், அளக்கிறார்கள். டிசைன் என்று நினைக்காமல் செய்கிறார்கள். அங்கே போய்ப் பாருங்கள். ஹிட்ச்காக்கின் 1958 படமான ‘வெர்டிகோ’வுக்கு டிசைனர் சால் பாஸ் செய்த தொடக்கக் காட்சியில் சுழலும் வளைவுகள் வருமே, அவை 19ஆம் நூற்றாண்டில் ஜூல் லிசாஜு என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் அதிர்வுகளைப் படிக்கப் பயன்படுத்திய கோடுகள். ஜான் விட்னி அவற்றைத் திரைக்கு வரைந்தது, விமானத்தைக் குறிபார்க்கும் பழைய ராணுவ இயந்திரத்தை மாற்றியமைத்து. தலைசுற்றல் பற்றிய படத்துக்கு, தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளை வரையாமல் அதிர்வைப் படித்தவரிடம் போனார்கள்.

---

எதிர்க்கரை

வெண்வெளி, கிளையன்ட் பக்கத்தைப் பற்றி நான் ஒன்று சொல்கிறேன். எங்கே தேடினீர்கள் என்று முதல் கூட்டத்திலேயே காட்டாதீர்கள். மருத்துவ வரைபடத்தைத் தனியாகக் காட்டினால் அவருக்கு ஆஸ்பத்திரிதான் தெரியும், அட்டை தெரியாது. செய்து முடித்ததைக் காட்டுங்கள், அவர் செல்போனில் வரும் அளவிலேயே காட்டுங்கள். 1986ல் தன் நெக்ஸ்ட் கம்ப்யூட்டர் நிறுவனத்துக்கு லோகோ கேட்ட ஸ்டீவ் ஜாப்ஸிடம் டிசைனர் பால் ராண்ட் ஒரே ஒரு தீர்வைத்தான் கொடுத்தார். 28 டிகிரி சாய்ந்த கறுப்புப் பெட்டி. கூடவே ஏன் அப்படி என்று படிப்படியாக விளக்கும் ஒரு சிறு புத்தகம். அவர் வாங்கிய 1,00,000 டாலர் நமக்குக் கிடைக்காது, ஆனால் அந்த முறையை நாமும் பின்பற்றலாம். ஒன்றைக் காட்டுங்கள், அதற்கு எப்படி வந்தீர்கள் என்று சொல்லுங்கள்.

நான் முதலில் மறுத்தேன், தெரியும். இந்த வேலையில் நிலா இல்லாமல் போனால் எனக்கும் சந்தோஷம்தான்.

---

வெண்வெளி

12 நாள் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

தூக்க மருத்துவர்கள் ஓர் இரவை ஒரே கோட்டில் வரைகிறார்கள். ஹிப்னோகிராம் என்று பெயர். மேலே விழிப்பு, கீழே ஆழ்ந்த தூக்கம், இடது ஓரத்தில் படுத்த நேரம், வலது ஓரத்தில் எழுந்த நேரம். கோடு சாய்வாக இறங்காது, படிக்கட்டு போலத்தான் இறங்கும், ஏறும். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று. ராத்திரியின் முதல் பாதியில் படிகள் ஆழமாக இறங்குகின்றன, விடியற்காலைப் பக்கம் மேலேயே தங்கிவிடுகின்றன. நான் தூக்கத்தை எப்போதும் ஒரே பள்ளமாகத்தான் நினைத்திருந்தேன். அது ஒரு நகரத்தின் கூரைகள் போல இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

முதலில் ஒரு பாடநூலிலிருந்து கோட்டை எடுத்து வரைந்தேன். அப்புறம் குறில்நெடில் எழுதியது நினைவுக்கு வந்தது. இது யாருடைய இரவு? யாரோ ஒருவர் உடம்பில் கம்பிகளை ஒட்டிக்கொண்டு ஆய்வகத்தில் படுத்த இரவு. அவரிடம் நான் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. அழித்துவிட்டேன். பாட்காஸ்ட் நடத்துகிறவர் தூக்கத்தைப் பதிவு செய்யும் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு தூங்குகிறவர். அவருடைய ஓர் இரவின் பதிவைக் கேட்டேன், எதற்கு என்று சொல்லவில்லை. அனுப்பினார். ஆய்வகத்தின் துல்லியம் அதில் இருக்காது, ஆனால் அது அவருடைய இரவு. அதில் 3 மணி சுமாருக்குக் கோடு சட்டென்று மேலே குத்தி ஏறி, கால் மணி நேரம் அங்கேயே நின்று, மறுபடி இறங்குகிறது.

பின்புலம் விடியற்காலைச் சாம்பல், கோடு மட்டும் தடித்த வெள்ளை. அந்த 3 மணி மேட்டின்மேல் பாட்காஸ்ட்டின் பெயரை உட்கார வைத்தேன். எதிர்க்கரை சொன்னபடி ஒன்றே ஒன்று, செல்போன் அளவில். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். அப்புறம் அந்த மேட்டின்மேல் விரலை வைத்து, "அன்றைக்குத்தான் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தது" என்றார். அட்டையை ஏற்றுக்கொண்டார்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி இருக்கிறது. சின்ன அளவில் படிகளின் முனைகள் கூர்மையாக இருந்தால் பல்வரிசை போலத் தெரிகிறது. உருட்டினால் மென்மையாகி, மலைபோல் ஆகிவிடுகிறது.

---

சதுரம்32

முழுவதும் உருட்ட வேண்டாம். இறங்குகிற பக்கத்தின் முனையை மட்டும் லேசாக உருட்டிப் பாருங்கள், ஏறுகிற பக்கம் கூராகவே இருக்கட்டும். தூங்கப் போவது மெதுவாக நடக்கிறது, விழிப்பு சட்டென்று வருகிறது. 64 பிக்சல் அளவிலும் அந்த வித்தியாசம் தெரியும்.

---

மைக்கறை

அச்சுக்கும் போகிறதென்றால் அந்த வெள்ளைக் கோட்டை அரை புள்ளிக்கு மேல் தடிமனாக வையுங்கள். சாம்பலை நான்கு மையும் கலந்து போட வேண்டாம், தாள் நகர்ந்தால் கோட்டின் ஓரம் வண்ணமாகிவிடும். கறுப்பு ஒரு மையிலேயே 60 சதவீதம் போடுங்கள். ஃபைலை அனுப்பும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பினால் நான் பார்த்துச் சொல்கிறேன்.

---

குறில்நெடில்

வெண்வெளி, அட்டையின் பின்குறிப்பில் "இந்த இரவு அவருடையது" என்று அவர் பெயரையும் தேதியையும் போட அவர் சம்மதிப்பாரா? கேட்டுப் பாருங்கள்.

---

வெண்வெளி

கேட்டேன். தேதி மட்டும் போடச் சொன்னார். முனைகளை உருட்டிவிட்டேன், இறங்குகிற பக்கம் மட்டும். மைக்கறை ஐயா, நாளை காலை ஃபைல் உங்களுக்கு வரும்.